வீட்டுக் கோழியின் உள்ளங்காற் புண்: கொழும்பு முற்றத்தில் நாமே செய்யக்கூடிய சிகிச்சை

கோழி நொண்டத் தொடங்கிய பின்னர்தான் நம்மிற் பலர் அதன் காலைத் திருப்பிப் பார்க்கிறோம். அதற்குள் உள்ளங்காலின் நடுவில் மிளகளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு கறுத்த பொருக்கு இறுகி ஒட்டியிருக்கும். அதைச் சுற்றிய தசை வீங்கி, தொட்டால் சுடும். ஆங்கிலத்தில் பம்பிள்ஃபுட் என்று அழைக்கப்படும் இந்நோயைக் கோழி வளர்க்கும் சிலர் மனிதருக்கு வரும் கால் ஆணியோடு ஒப்பிட்டு 'ஆணி' என்றே சொல்கிறார்கள். தோற்றம் ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு. கால் ஆணி தடித்த தோல் மட்டுமே. கோழியின் பாதத்தில் இருப்பதோ தோலுக்கு அடியில் கிருமி தங்கி, இறுகிய சீழைச் சேர்த்துவைத்திருக்கும் ஒரு புண்.

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டின் பின்முற்றம் முழுவதும் சீமெந்து. அங்கே ஆறு பேடுகளை வளர்க்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே இரண்டுக்கு இந்தப் புண் வந்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சியின் மணல் முற்றத்தில் அம்மா வளர்த்த ஊர்க்கோழிகளில் இப்படியொரு புண்ணை நான் கண்டதில்லை என்பதால், முதற் பேடு நொண்டியபோது ஏதோ முள் குத்தியிருக்கும் என்று எண்ணி ஒரு வாரத்தை வீணாக்கினேன். அந்த ஒரு வாரத்தில் எளிதாக ஆறியிருக்கக்கூடிய புண் ஆழமாகிவிட்டது. மற்றவர்களின் கோழிகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே, அன்று தொடக்கம் கற்றுக்கொண்டவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

புண் எவ்வாறு உண்டாகிறது

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் கிருமி ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பக்டீரியா. அது கோழியின் தோலிலும், கூட்டின் தூசியிலும், நமது கைகளிலுங்கூட எப்போதும் இருக்கக்கூடியது. ஆகவே கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவதிற் பயனில்லை; அது உள்ளே நுழைவதற்கு வழி எங்கே திறந்தது என்பதையே தேடவேண்டும். சொரசொரப்பான சீமெந்து, கம்பிவலைத் தளம், ஓரம் கூரான தடி, உயரத்திலிருந்து கடினமான தரைக்குக் குதித்தல், உடைந்த ஓட்டுத் துண்டு, மரச்சிராய் ஆகியவை உள்ளங்காலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை ஏற்படுத்துகின்றன. ஈரமான தரையில் நாட்கணக்காக நிற்கும் கோழியின் தோல் ஊறி மென்மையாகி, அந்தக் கீறல்களை இன்னும் எளிதாக்கிவிடுகிறது. கோழியின் முழு எடையும் உள்ளங்காலின் நடுத்தசையில் இறங்குவதால், காயம் பட்ட இடமே ஒவ்வோர் அடியிலும் மீண்டும் மீண்டும் நசுங்குகிறது. இரண்டு கிலோ அளவு எடையுள்ள மண்ணிறப் பண்ணைப் பேடுகளுக்கும் கொழுத்த சேவல்களுக்கும் இந்நோய் அதிகம் வருவதற்கு அதுவே காரணம்.

கோழியின் சீழ் மனிதரின் சீழைப் போல நீர்த்தன்மையானது அல்ல என்பதையும் இங்கேயே விளங்கிக்கொள்ளவேண்டும். நமது வெள்ளை அணுக்கள் இறந்த திசுவைக் கரைத்து நீராக்கும் நொதியங்களைக் கொண்டிருக்கின்றன. பறவையின் அணுக்களில் அந்த ஆற்றல் குறைவு. எனவே அதன் சீழ் வடிந்து வெளியேறாமல், பாற்கட்டி போல இறுகி, மஞ்சள் கலந்த ஒரு கட்டியாகப் புண்ணின் உள்ளே இருந்துவிடுகிறது. இது தெரியாதவர்கள் பருவைப் பிதுக்குவதுபோலப் புண்ணைப் பிதுக்குகிறார்கள். அதனால் வெளியே எதுவும் வராது. கிருமி தசைநாண்களை நோக்கி இன்னும் உள்ளே தள்ளப்படும். மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் ஏமாறுவதற்கு இதுவே காரணம், ஏனெனில் இரத்தவோட்டம் இல்லாத அந்தக் கட்டிக்குள் மருந்து போதிய அளவு சென்று சேர்வதில்லை.

காலைப் பார்க்கும் முறை

மாலையில், கோழிகள் தடியில் ஏறி அடங்கிய பிறகு பார்ப்பது எளிது. கோழியை இடது கையின் கீழ் அணைத்து, சிறகுகள் விரியாதபடி ஒரு துவாயாற் சுற்றி, தலையை மெதுவாக மூடிவிட்டால் பெரும்பாலானவை அமைதியாகிவிடும். பறவைக்கு நமக்கிருப்பதுபோல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தாற்தான் அதனால் மூச்சுவிட முடியும். ஆகவே மார்பை இறுக்கிப் பிடிப்பதும், கோழியை நீண்ட நேரம் மல்லாக்கக் கிடத்துவதும் ஆபத்தானவை. மடியில் நிமிர்ந்த நிலையில் வைத்து, ஒரு காலை மட்டும் பின்புறமாக இழுத்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.

முதலில் நலமான காலையும் பின்னர் சந்தேகத்துக்குரிய காலையும் பாருங்கள். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே சுமார் 41 பாகை செல்சியஸ் என்பதால், ஒரு பாதத்தை மட்டும் தொட்டுவிட்டுச் சூடாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது, இரண்டையும் ஒப்பிடவேண்டும். நலமான உள்ளங்காலில் சிறுசிறு முளைகள் போன்ற கரடுமுரடான தோல் இருக்கும். அந்த முளைகள் தேய்ந்து, தோல் வழுவழுப்பாகவும் சிவந்தும் தோன்றினால் அதுவே தொடக்கம். அடுத்த நிலையிற் சிறிய பொருக்கு தோன்றும், வீக்கம் மிகக் குறைவாக இருக்கும். மூன்றாம் நிலையில் பொருக்கு பெரிதாகி, பாதம் உருண்டு, அழுத்தினால் உள்ளே கடினமான ஒரு முடிச்சு தட்டுப்படும். விரல்களுக்கு இடையிலும், சிலவேளை பாதத்தின் மேற்புறத்திலும் வீக்கம் தெரியும். அதற்கும் அப்பால், வீக்கம் காலின் மேற்பகுதிக்கு ஏறி, கோழி எழுந்து நிற்க மறுக்குமானால், தசைநாணோ எலும்போ பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

முதலிரண்டு நிலைகளையும் வீட்டில் தயக்கமின்றிக் கவனிக்கலாம். மூன்றாம் நிலையில் மிருக வைத்தியர் ஒருவரின் ஆலோசனையைப் பெற்றுக்கொண்டு வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம். கடைசி நிலை வீட்டில் முயன்று பார்ப்பதற்குரியது அல்ல.

நொண்டும் எல்லாக் கோழிக்கும் பாதப் புண் இருப்பதில்லை. உள்ளங்கால் இரண்டும் சுத்தமாக இருந்தும் கோழி நொண்டினால், முதலில் விரலையோ கணுவையோ நூல், தலைமயிர், நைலோன் இழை ஏதும் இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தையல் வேலை நடக்கும் வீடுகளில் இது அடிக்கடி நிகழும். இளங்கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டியபடி விழுந்து கிடந்தால் அது மாரெக் என்னும் வைரசு நோயாக இருக்கலாம். ஒரே நேரத்தில் பல கோழிகளின் மூட்டுகள் வீங்கினால் மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றைச் சந்தேகிக்கவேண்டும். கொண்டையிலும் முகத்திலும் மரு போன்ற பொருக்குகள் இருந்து, கால்களிலும் அவ்வாறே காணப்பட்டால் அது நுளம்புகளாற் பரவும் கோழி அம்மை. இவற்றில் எதற்கும் கீழே சொல்லப்படும் சிகிச்சை பொருந்தாது.

தேவையான பொருட்கள்

எல்லாவற்றையும் ஒரு பார்மசியிலும் ஒரு பலசரக்குக் கடையிலும் வாங்கிவிடலாம். எப்சம் உப்பு, 10 வீத பொவிடோன் அயடின் கரைசல், மலட்டு கோஸ் துண்டுகள், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் மீள்தன்மையுள்ள பண்டேஜ், செலவழிப்புக் கையுறை, முனை மழுங்கிய சாமணம், ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிறிஞ்ச், கோழியின் காலுக்கு மட்டுமே பயன்படுத்துவதற்கான ஒரு பேசின், இரண்டு பழைய துவாய்கள் ஆகியவை போதும். ஒட்டும் பண்டேஜ் கிடைத்தால் மண்ணிறத்தில் வாங்குங்கள், ஏனெனில் சிவப்பையும் நீலத்தையும் மற்றக் கோழிகள் கொத்திப் பிய்த்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

புண்ணைக் கழுவுவதற்கான உப்புநீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் சாதாரண கறியுப்பை, அதாவது தட்டையாக ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஆறவிடவேண்டும். அதை அன்றன்றே புதிதாகச் செய்துகொள்ளுங்கள். அயடினையும் போத்தலில் உள்ளபடியே புண்ணில் ஊற்றக்கூடாது. ஒரு பங்கு அயடினுக்கு ஒன்பது பங்கு கொதித்தாறிய நீர் கலந்தால், பால் விடாத இளந்தேநீரின் நிறம் வரும்; அந்தச் செறிவு கிருமிக்கு எதிராகப் போதுமானது, புதிதாக வளரும் திசுவையும் எரிக்காது.

கையுறை அணிவதை யாரும் அலட்சியப்படுத்தக்கூடாது. இக்கிருமி மனிதரின் தோலிலும் புண்ணை உண்டாக்கும்; உணவிற் சேர்ந்தால் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தும். சமையலறைக் கழுவுதொட்டியில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவரோ கையில் ஆறாத காயம் உள்ளவரோ இருந்தால், அவர் இதிலிருந்து விலகியிருப்பது நல்லது.

ஊறவைத்தல்

சிகிச்சையின் இதயம் இதுதான். கத்தியைக் கையில் எடுத்து முதல் நாளிலேயே புண்ணை வெட்டித் திறக்கும் காணொளிகள் பல உலாவுகின்றன. அவற்றைப் பார்த்து, மரத்துப்போகும் ஊசி எதுவுமின்றி, தங்கள் கோழியின் பாதத்தை அறுப்பதற்கு மக்கள் துணிவது எனக்கு வேதனை தருகிறது. கோழி கத்தாமல் இருப்பதால் அதற்கு வலிக்கவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. இரையாகப் பிறந்த உயிர்கள் வலியை மறைக்கும் இயல்புடையவை. பாதத்தில் இரத்தக் குழாய்களும் விரல்களை அசைக்கும் நாண்களும் மிக நெருக்கமாக ஓடுகின்றன. அறுப்பது தேவையானால் அதை மிருக வைத்தியர் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யட்டும். வீட்டிலிருக்கும் நமக்கு உரிய வழி பொறுமையாக ஊறவைத்து இளக்குவது.

பேசினில் கோழியின் கணுவரை மூடும் அளவுக்கு இளஞ்சூடான நீர் எடுத்து, ஒவ்வொரு லீற்றருக்கும் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூடு போதும். முழங்கையைத் தோய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் சவர்க்காரம் போட்டுப் பாதத்தில் ஒட்டியிருக்கும் எச்சத்தையும் மண்ணையும் வேறொரு நீரிற் கழுவிவிட்டே இந்நீரில் இறக்கவேண்டும். பதினைந்து தொடக்கம் இருபது நிமிடங்கள் வரை நிற்கவிடுங்கள். நீர் ஆறினால் கோழியை அப்புறப்படுத்திவிட்டுச் சுடுநீர் சேர்த்துக் கலக்கிய பின்னரே மீண்டும் இறக்கவேண்டும். எப்சம் உப்பு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் என்பதால் கோழி அந்நீரைக் குடிக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைத் துவாயால் மூடி வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஊறிய பாதத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பொருக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். முதல் நாளில் அது பெரும்பாலும் அசையாது. அசையாவிட்டால் எதுவும் செய்யாமல், கலந்துவைத்த அயடினைத் தடவி, கட்டுப் போட்டு, அடுத்த நாள் மீண்டும் ஊறவையுங்கள். எங்கள் முதற் பேட்டின் பொருக்கு ஐந்தாம் நாளில்தான் ஓரம் கிளம்பியது. அதுவரை நாளுக்கொரு தடவை ஊறவைத்ததைத் தவிர வேறெதையும் நான் செய்யவில்லை, வீக்கமோ அந்த ஐந்து நாட்களிலேயே கண்கூடாகக் குறைந்திருந்தது.

பொருக்கு இளகிய பிறகு

கையுறை மாற்றி, சாமணத்தைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒருவர் கோழியைப் பிடித்திருக்க மற்றவர் வேலை செய்வதே முறை. கிளம்பிய ஓரத்தைச் சாமணத்தாற் பிடித்து, நேராக மேல்நோக்கி மெதுவாக இழுக்கவேண்டும். பொருக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு மஞ்சள் நிறக் கட்டியும் கூடவே வந்தால் அது பெரிய நன்மை. சில புண்களில் மெழுகுத் துண்டு போல முழுதாகவே வந்துவிடும். வராமல் இறுகிப் பிடித்தால் நிறுத்திவிடுங்கள். நாளைக்கும் நாளை மறுநாளும் ஊறவைக்கலாம், பிய்த்தெடுத்த தசையையோ திரும்ப ஒட்டவைக்க முடியாது. வெண்மையான, பளபளப்பான நார்போன்ற ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் அது தசைநாணாக இருக்கும். அதைத் தொடவே கூடாது.

சிறிது இரத்தம் கசிவது இயல்பு. மடித்த கோஸை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். இடையிடையே எடுத்துப் பார்ப்பது உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைத்துவிடும். கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கட்டி வெளியேறிய குழியைச் சிறிஞ்சில் எடுத்த உப்புநீரால், உள்ளிருந்து வெளியே கழுவிவரும் வகையில், இரண்டு மூன்று தடவை பீய்ச்சிக் கழுவி, பின்னர் கலந்த அயடினை விடவேண்டும். ஐதரசன் பெரொட்சைட்டு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அதை நாள்தோறும் ஊற்றுபவர்கள் உண்டு. அது கிருமியோடு சேர்த்துப் புதிய திசுவையும் அழிப்பதால் புண் ஆறுவது பின்தள்ளிப்போகும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்புவது, சூடு போடுவது ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தேன் புண்ணை ஆற்றும் என்பது உண்மைதான். ஆயினும் கடையிற் கிடைக்கும் தேன் கலப்படமற்றது என்ற உறுதி வேண்டும். அத்தோடு நமது சூழலில் தேன் தடவிய கட்டினை எறும்புகள் ஒரு மணி நேரத்திற் கண்டுபிடித்துவிடும். கோழியின் கூட்டை எறும்பு அண்டாத இடத்தில் வைக்க முடிந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

கட்டுப் போடுதல்

நல்ல கட்டு புண்ணை மூடுவதோடு நின்றுவிடாமல், கோழியின் எடை புண்ணின்மேல் இறங்காதபடியும் தடுக்கவேண்டும். அதற்கு, ஐந்தாறு கோஸ் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியோ மெல்லிய ஸ்பொன்ஜ் தாளை எடுத்தோ, நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையமாக, உளுந்து வடையின் வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் புண்ணின்மேல் ஒரு சிறு கோஸை வைத்து, அதன்மேல் வளையத்தை, ஓட்டை சரியாகப் புண்ணுக்கு நேரே வரும்படி பொருத்தவேண்டும். இப்போது எடை வளையத்தின் விளிம்பிலேயே இறங்கும், புண் நசுங்காது. இந்த ஒரு சிறு மாற்றம், நான் செய்த வேறெந்த மருந்தையும்விட அதிகப் பயனைத் தந்தது.

ஒட்டும் பண்டேஜை ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் நீளமாகக் கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கீற்றின் ஒரு முனையைப் பாதத்தின் மேற்புறத்தில் வைத்து, முதல் இரண்டு விரல்களுக்கு இடையாற் கீழிறக்கி, உள்ளங்காலைக் கடந்து, பின்விரலின் பக்கமாக மேலே கொண்டுவந்து, கணுவை ஒருமுறை சுற்றி, அடுத்த விரலிடைவெளியால் மீண்டும் கீழிறக்கவேண்டும். எல்லா இடைவெளிகளும் ஒருமுறையாவது கடக்கப்பட்டால் கட்டு கழன்று விழாது. இந்தப் பண்டேஜ் இழுத்துச் சுற்றினால் பின்னர் சுருங்கி இறுக்கும் தன்மையுடையது. ஆகவே இழுக்காமல் படியவைத்துச் சுற்றுங்கள். முடித்து ஒரு மணி நேரத்தின் பின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் குளிர்ந்தோ வீங்கியோ நிறம் கறுத்தோ இருந்தால் உடனே வெட்டி எடுத்துவிட்டுத் தளர்வாகக் கட்டவேண்டும்.

கட்டைத் தினமும், அல்லது அதிகபட்சம் இரண்டு நாளுக்கொரு தடவை மாற்றவேண்டும். நனைந்தால் அந்த நேரத்திலேயே மாற்றவேண்டும், நனைந்த கட்டு கட்டாமல் விட்டதைவிட மோசமானது. மழைக்காலத்தில் திறந்த புண்ணை அப்படியே விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கழற்றிய கட்டுகளை இறுக முடிந்த பையில் இட்டே குப்பையிற் சேருங்கள்.

ஆறும் நாட்கள்

சிகிச்சை நடக்கும் காலத்தில் கோழியைத் தடியில்லாத தனிக்கூட்டில், தடித்த மென்மையான படுக்கையின்மேல் வைத்திருங்கள். பழைய துவாயின்மேல் பரப்பிய மரத்தூள் போதுமானது. அது மற்றக் கோழிகளைப் பார்க்கக்கூடிய இடமாக இருந்தால், திரும்பிச் செல்லும்போது கொத்துப்படுவது குறையும். உணவையும் நீரையும் எட்டும் தூரத்தில் வையுங்கள், ஏனெனில் வலியுள்ள கோழி எழுந்து நடப்பதைத் தவிர்க்கப் பசியோடு இருந்துவிடும்.

குழியின் அடியிலிருந்து சிவந்த, ஈரலிப்பான புதிய தசை வளர்ந்து, ஓரத்தோல் நடுவை நோக்கி நெருங்கிவருவதே நல்ல அறிகுறி. அந்த நிலையிற் தினமும் ஊறவைப்பதை நிறுத்திவிட்டு, கட்டை மட்டும் மாற்றுங்கள். தொடர்ந்து ஊறவைத்தால் புதிய தோல் மென்மையாகிப் பிரிந்துபோகும். சிறிய புண் இரண்டு மூன்று வாரங்களில் மூடும். ஆழமான புண்ணுக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். மூடிய இடத்தில் சிறிய தழும்பும் லேசான தடிப்பும் எஞ்சியிருப்பது பிரச்சினையல்ல.

வீக்கம் கணுவுக்கு மேலே ஏறுதல், இரண்டாவது காலும் வீங்குதல், உணவை மறுத்தல், கொண்டை வெளிறிச் சோர்ந்து ஒடுங்கி நிற்றல், துர்நாற்றம், ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தும் எந்த மாற்றமும் இல்லாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மிருக வைத்தியரைப் பார்க்கவேண்டும். கொழும்பின் தனியார் சிகிச்சை நிலையங்களிற் பல நாய், பூனைகளையே அதிகம் பார்ப்பவை என்பதால், கோழியைக் கூடையில் வைத்து முச்சக்கரவண்டியில் ஏறுவதற்கு முன்னர் தொலைபேசியில் அழைத்து, பறவைகளைப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தையும் நாடலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள்

வீட்டில் யாருக்கோ கொடுத்து மிஞ்சிய மாத்திரையைப் பொடியாக்கிக் கோழியின் நீரிற் கலக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அளவு தெரியாது, நோவினால் நீர் குறைவாகக் குடிக்கும் கோழிக்குப் போதிய மருந்து சேராது, சேர்ந்த அரைகுறை அளவோ கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும். அமெரிக்கா 2005 ஆம் ஆண்டில் என்ரோஃப்ளொக்சசின் என்னும் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கும் அனுமதியை நீக்கியது. கோழிகளில் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகள் உணவின் வழியே மனிதரை அடைந்து, அதே குடும்பத்து மருந்துகளைப் பயனற்றதாக்கின என்பதே காரணம். மிருக வைத்தியர் மருந்து எழுதித்தந்தால், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாட்களுக்கு உண்ணக்கூடாது என்பதை அவரிடமே கேட்டு நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில் இடப்படும் முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக்கூடாது.

பூசு மருந்துகளிலும் இரண்டை விலக்கவேண்டும். சொறிக்கும் படைக்கும் வாங்கும் கிறீம்களிற் பலவற்றில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கும். அது புண் ஆறுவதைத் தடுக்கும். பென்சொகேய்ன் போன்ற மரப்பு மருந்து சேர்ந்த களிம்புகள் சிறிய பறவையின் உடலில் நச்சாகும் அளவை எளிதில் எட்டிவிடும்.

செதிற்காற் பூச்சி

பாதப் புண்ணோடு சேர்த்துப் பலர் குழப்பிக்கொள்வது இதனை. காலின் செதில்கள் வரிசை குலைந்து, மேலே கிளம்பி, சுண்ணாம்பு பூசியதுபோலத் தடித்துக் காணப்பட்டால், செதில்களின் அடியிற் குடைந்து வாழும் நுண்ணிய சிற்றுண்ணியே காரணம். இளஞ்சூட்டு நீரிற் கால்களை ஊறவைத்து, மென்மையான பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வசலினைத் தடிப்பாகப் பூசினால் பூச்சிக்கு மூச்சு முட்டும். வாரத்தில் இரண்டு தடவையாக ஐந்தாறு வாரங்களாவது தொடரவேண்டும், கூட்டத்தில் உள்ள எல்லாக் கோழிகளுக்கும் செய்யவேண்டும். மண்ணெண்ணெயில் காலைத் தோய்க்கும் பழைய வழக்கம் தோலை எரிக்கும். கிளம்பிய செதில்களைப் பிய்த்தெடுத்தால் இரத்தம் வரும், அந்தக் காயத்தின் வழியே புண் உண்டாக்கும் கிருமியும் நுழையும். நலமான செதில் வளர்ந்து கால் பழைய தோற்றத்தைப் பெற மாதங்கள் ஆகும்.

தரையைத் திருத்துதல்

புண் ஆறிய கோழியை அதே சீமெந்தில் திரும்பவும் விட்டால், அடுத்த மழைக்காலத்தில் அதே பேசினை மீண்டும் எடுக்கவேண்டிவரும். எங்கள் இரண்டாவது பேட்டுக்கு நடந்தது அதுதான். கொழும்பில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்த கையோடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை மழை கொட்டும். வருடத்தின் பாதிக்கு மேல் முற்றம் உலராமல் இருக்கும் நகரம் இது.

ஒரே நாளில் முற்றத்தை மாற்ற முடியாதவர்கள், கோழி அதிக நேரம் நிற்கும் மூன்று இடங்களை மட்டும் முதலிற் கவனியுங்கள்: தடியின் கீழ், நீர்ப்பாத்திரத்தைச் சுற்றி, உணவுத் தொட்டியின் முன். தடியின் கீழே நான்கு விரல் ஆழத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, ஈரமான பகுதியை நாள்தோறும் அள்ளி அகற்றுங்கள். தும்புத்தூள் மென்மையானதாயினும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால் மழை மாதங்களுக்கு அது ஏற்றதல்ல. நீர்ப்பாத்திரத்தை ஒரு தட்டின்மேல், கோழியின் முதுகளவு உயரத்தில் வைத்தாற் சிந்துவது பெருமளவு குறையும். ஆற்று மணல் நிரப்பிய ஆழமற்ற பெட்டியொன்றைக் கூரையின் கீழ் வைத்தால் கோழிகள் தாமாகவே அங்கு சென்று கிளறும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் கூரிய சிப்பித் துண்டுகளும் உண்டு.

தடியைப் பொறுத்தவரை, குழாயும் மூங்கிலும் வழுக்கும், கூரான ஓரமுள்ள சட்டம் பாதத்தை வெட்டும். ஐந்து சென்ரிமீற்றர் அளவு தடிப்புள்ள கிளிசரியாக் கிளையொன்றைச் சீவி, முடிச்சுகளை மழித்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேற்போகாமற் கட்டுங்கள். உயரமாக இருந்தே தீரவேண்டுமானால் இடையில் ஒரு படி வையுங்கள்.

உணவிலும் ஒரு திருத்தம் தேவை. மிஞ்சிய சோறும் பாணும் கோழியைக் கொழுக்கவைக்கும், தோலை உறுதியாக வைத்திருக்கும் விற்றமின் ஏயைத் தராது. முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 100 தொடக்கம் 120 கிராம் வரையான முட்டைக்கோழித் தீனே அடிப்படை உணவாக இருக்கட்டும். அதற்கு மேல் முருங்கையிலை, பொன்னாங்காணி, கரட் துருவல் ஆகியவற்றைக் கொடுங்கள். சோற்றை ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், கோழிகள் அடங்கிய பின், கைவிளக்கோடு ஆறு பேடுகளின் பன்னிரண்டு பாதங்களையும் பார்த்துவிடுகிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. முளைகள் தேய்ந்து சிவந்த பாதம் ஏதும் தென்பட்டால், அன்றிரவே கழுவித் துடைத்து அயடின் தடவி, அந்தக் கோழியை ஒரு வாரத்துக்கு மரத்தூளின்மேல் விடுகிறோம்.